பல்லாவரத்து வேதாசலம் மூன்று மொழி படித்த கதை

தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் சைதாப்பேட்டை போகிறவர்கள் அடையாற்றைத் தாண்டும்போது ஒரு பாலத்தைக் கடப்பார்கள். அதன் பெயர் மறைமலை அடிகள் பாலம். "யார்டா இந்த மறைமலை அடிகள்?" என்று என் வகுப்பு நண்பன் ஒருவனிடம் கேட்டேன். "மறைமலை நகர் இருக்குல்ல, அந்த ஊர்க்காரரா இருப்பார்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் ப்ளஸ் டூ வரை தெரிந்ததெல்லாம் 'தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை' என்ற ஒரு மார்க் விடை மட்டும்தான்.

2025 தொடக்கத்தில் மும்மொழிக் கொள்கை சண்டை மறுபடி சூடு பிடித்தது ஞாபகம் இருக்கும். பிப்ரவரியில் பொள்ளாச்சி ரயில் நிலையப் பலகையில் இந்தி எழுத்துக்குக் கறுப்பு மை பூசினார்கள். எங்கள் கேன்டீனிலும் அந்தச் சண்டை நடந்தது. "மறைமலை அடிகள் மாதிரி தமிழ் மட்டும் போதும்" என்றான் ஒருவன். "நாலு பாஷை கத்துக்கிட்டா என்ன கெட்டுப்போச்சு? இவங்கல்லாம் மொழி வெறியர்கள்" என்றான் இன்னொருவன். இரண்டு பேரும் அவர் எழுதிய ஒரு வரியைக்கூடப் படித்தவர்கள் இல்லை. நானும்தான் இல்லை. அதனால் அந்தச் செமஸ்டர் விடுமுறையில் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்தபோது கிடைத்த ஆள் இரண்டு பேருடைய மறைமலை அடிகளும் இல்லை.

அவருக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சுவாரசியமான விஷயம்.

அங்கே முதலில் பாலம் கட்டியவர் ஒரு அர்மீனிய வணிகர். பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். மணிலாவோடு கப்பல் வாணிபம் செய்து மெட்ராஸில் பெரும் பணம் சேர்த்தவர். பரங்கிமலைக்குப் போகிற பக்தர்கள் மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து 1726இல் சொந்தச் செலவில் பாலம் போட்டார். கட்ட 30,000 வராகன், பிற்காலப் பராமரிப்புக்கு 1,500 வராகன். (மெயின்டனன்ஸுக்குத் தனியாக நிதி ஒதுக்கிய ஆள்! எங்கள் காஸ்ட் அக்கவுன்டன்சி சார் கேட்டால் சந்தோஷப்படுவார்.) பாலத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் மார்மலாங் பிரிட்ஜ். அது வேறொன்றுமில்லை, நம்ம மாம்பலம்தான் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது.

உஸ்கான் பாலத்தில் கல்வெட்டும் வைத்தார், மூன்று மொழிகளில்: பாரசீகம், அர்மீனியம், லத்தீன். பாரசீகம் அன்றைய நவாப் அரசாங்கத்தின் மொழி. லத்தீன் அவர் கும்பிட்ட சாமியின் சபை மொழி. அர்மீனியம் அவர் அம்மாவிடம் பேசிய மொழி. பாலத்தில் தினமும் நடக்கப்போகிற ஜனங்களின் தமிழ் அதில் இல்லை. இது எனக்கு முதலில் கோபத்தைத்தான் கொடுத்தது. அப்புறம் யோசித்தபோது, கல்வெட்டு யாருக்காக வெட்டப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது என்று தோன்றியது. அதிகாரம், ஆண்டவன், ஆத்தா, மூன்று பேருக்கும் கணக்குத் தீர்த்துவிட்டார் மனுஷன்.

1960களில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதுப்பாலம் வந்தபோதுதான் அதற்கு மறைமலை அடிகள் பெயர் வந்தது. மும்மொழிக் கல் வைத்த பாலத்துக்குத் தனித்தமிழ்க்காரர் பெயர்!

பாலத்தை விடுங்கள், நம் லோக்கல் ரயிலில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக வாருங்கள். குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் லெதர் கம்பெனியால் வந்தது, அதாவது தோல் பதனிடுகிற ரசாயனத்தின் பெயரோடு ஒரு பேட்டை. பரங்கிமலையில் இருக்கிற 'பரங்கி', ஐரோப்பாவின் ஃபிராங்க் இனப்பெயர் அரபு, பாரசீக வாய்களில் 'ஃபரங்கி' ஆகி நம்மிடம் வந்து சேர்ந்தது. அந்த மலை மேல் கோயில் கட்ட 1547இல் போர்ச்சுகீசியர் தோண்டியபோது கிடைத்த கல் சிலுவையில் பஹ்லவி எழுத்து இருக்கிறது. அது பழைய பாரசீகத்து எழுத்து, அதற்குச் சரியான பொருள் என்ன என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பல்லாவரம் மலையில் இருக்கிற குடைவரை 7ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது. இன்று அது முஸ்லிம்களின் தர்கா. அங்கே ராஜாவின் பட்டப்பெயர்களை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள், வடமொழிப் பெயர்களோடு தெலுங்கும் தமிழும் கலந்து. அவனுடைய பட்டங்களில் எனக்குப் பிடித்தது 'சித்திரகாரப்புலி'. முன்பாதி வடமொழி, பின்பாதி நம்ம ஊர்ப் புலி. தனக்கு மூன்று மொழிக்காரர்களும் வரி கட்டுகிறார்கள் என்று தெரிந்த ராஜா!

இவ்வளவு மொழிகள் இந்த ரோட்டில் நடந்தது எப்படி என்றால், பெரும்பாலும் வியாபாரத்துக்காக. காமர்ஸ் மாணவன் என்பதால் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வணிகத்துக்கான முதல் தகுதியே மொழிதான். கம்பெனிக்காரனுக்கும் உள்ளூர் நெசவாளிக்கும் நடுவில் நின்றவர் பெயரே துபாஷி, 'இரண்டு பாஷைக்காரர்'. பச்சையப்ப முதலியார் துபாஷி. புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் நம்ம பெரம்பூரில் பிறந்தவர். அவர் 1736லிருந்து எழுதிய நாட்குறிப்பு தமிழில் இருக்கிறது. ஆனால் எப்படிப்பட்ட தமிழ்? பாரசீகமும் போர்ச்சுகீசியமும் பிரெஞ்சும் தாராளமாகக் கலந்த கடைத்தெருத் தமிழ். இந்த நாட்குறிப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது நம் ஆளுக்கு வருவோம்.

வேதாசலம் 1876இல் நாகப்பட்டினத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. கல்லூரி வாசலையே மாணவனாக மிதிக்காதவர். நாகையில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் இலக்கணம் படித்தார். கடையில் உட்கார்ந்தே சங்க நூல்களை முடித்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலமும் வடமொழியும் பெரும்பாலும் சொந்த முயற்சியில் கற்றவை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் ஃபீஸ் கட்டவும் இல்லை.

1898இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. கவனியுங்கள், அப்போது கல்லூரி தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்தது. அங்கே ஏற்கெனவே தமிழ்த் துறையில் இருந்தவர் சூரியநாராயண சாஸ்திரி. தன் பெயரைப் 'பரிதிமாற்கலைஞர்' என்று தமிழாக்கிப் புத்தகம் போட்டவர். வேதாசலத்துக்கு அந்த யோசனை வருவதற்குப் பல வருஷம் முன்பே! வேலைக்கான நேர்காணலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். குற்றியலுகரத்துக்கு உதாரணம் சொல்லச் சொன்னாராம் சாஸ்திரி. "அஃது எனக்குத் தெரியாது" என்றாராம் வேதாசலம். மற்றவர்கள் முகம் சுருங்க, சாஸ்திரி சிரித்துவிட்டாராம். ஏனென்றால் அஃது, எனக்கு, தெரியாது மூன்றுமே குற்றியலுகரம், மூன்றும் வேறு வேறு வகை. கதை உண்மையோ இல்லையோ, இலக்கணம் சரி :-)

பதின்மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் அவர் செய்த வேலைகளைப் பாருங்கள். காளிதாசனின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார் (1907). அடிசனின் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கினார். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் 'லைலா'வைத் தழுவிக் 'குமுதவல்லி' என்று நாவல் எழுதினார். ரெயினால்ட்ஸ் அந்தக் காலத்து மசாலா எழுத்தாளர். நம் அடிகளார் அவரையும் விடவில்லை என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதினார். தமிழில் 'ஞானசாகரம்' என்று பத்திரிகை, ஆங்கிலத்திலும் ஒரு பத்திரிகை. மூன்று மொழியிலும் மேலோட்டமாக இல்லாமல் உள்ளே இறங்கி வேலை செய்தவர்.

அப்புறம் வேலை போயிற்று. இங்கேதான் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயம் என்பதைப் பல்கலைக்கழகம் எடுத்துவிட்டது. கட்டாயம் இல்லை என்றால் படிக்க ஆள் குறையும், ஆள் குறைந்தால் ஆசிரியர் எதற்கு? 1902லேயே இப்படி ஒரு யோசனை வந்தபோது சூரியநாராயண சாஸ்திரியும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் போராடித் தடுத்தார்கள். சாஸ்திரி 1903இல் இறந்துபோனார். அடுத்த முறை வந்தபோது தடுக்க முடியவில்லை. 1911இல் வேதாசலம் கல்லூரியை விட்டு வெளியேறிப் பல்லாவரத்துக்குக் குடிவந்தார். அதே வருஷம் காவி கட்டிச் சுவாமி வேதாசலம் ஆனார்.

மூன்று மொழி தெரிந்த ஒருவருக்கு, தாய்மொழியின் பாட வேளை போனதால் சம்பளம் போகிறது. டைம் டேபிளில் ஒரு கட்டம் காலியானால் வீட்டில் அடுப்பு எரியுமா என்பது கேள்வி. மொழிக் கொள்கை என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் கடைசியில் இந்தக் கட்டத்தில்தான் வந்து நிற்கிறது. எங்கள் வகுப்பிலும் பகுதி 1க்குத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தவர்கள் உண்டு. பாரிஸ் போகும் ஆசையில் இல்லை, மார்க் ஈசியாக வரும் என்று. நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

பல்லாவரத்து வீட்டுத் தோட்டத்தில் நடந்த சம்பவம் எல்லோரும் சொல்வது. 1916. மகள் நீலாம்பிகைக்கு அப்போது வயது பதின்மூன்று. இருவரும் உலாவிக்கொண்டிருந்தபோது அடிகள் வள்ளலாரின் பாட்டு ஒன்றைப் பாடினார். பாட்டில் 'தேகம்' என்று ஒரு சொல். அந்த இடத்தில் 'யாக்கை' என்று இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். அப்படியானால் நாம் ஏன் இனிமேல் தனித்தமிழிலேயே பேசக் கூடாது என்று மகள் கேட்டாள். தனித்தமிழ் இயக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது என்பார்கள். வேதாசலம் மறைமலை ஆனார், சுவாமி அடிகள் ஆனார், ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. மாணிக்கவாசகம் மணிமொழி, சுந்தரமூர்த்தி அழகுரு, திரிபுரசுந்தரி முந்நகரழகி. திருநாவுக்கரசு மட்டும் தப்பித்தார், அது ஏற்கெனவே தமிழ். வேடிக்கை என்னவென்றால் யோசனை கொடுத்த நீலாம்பிகை கடைசிவரை நீலாம்பிகை அம்மையார்தான். வடசொற்களுக்குத் தமிழ்ச் சொல் தரும் அகராதி போட்டதும் அந்தப் பெயரிலேயே.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 'தேகம்' எது, 'யாக்கை' எது என்று பிரிக்க இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். வடமொழி தெரியாதவனுக்கு இரண்டும் தமிழ்தான். சாகுந்தலத்தை மொழிபெயர்த்த கைதான் வடசொல்லைத் தமிழிலிருந்து பிரித்தது. கேன்டீனில் "தமிழ் மட்டும் போதும்" என்றவனுக்கு இதுதான் என் பதில்.

அதே 1916இல் சேலத்தில் இன்னொரு வேலை நடந்தது. ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து அறிவியலுக்குத் தமிழில் கலைச்சொற்கள் உண்டாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள், பத்திரிகையும் நடத்தினார்கள். சங்கத்தின் பெயரிலேயே 'சாஸ்திர பரிபாஷை' இருந்தது. அதாவது விஞ்ஞானம் தமிழில் வரவேண்டும், ஆனால் சொற்கள் வடமொழியாக இருந்தாலும் பரவாயில்லை என்பது அவர்கள் கட்சி. பல்லாவரத்தின் கட்சி வேறு. இந்த இரண்டு கட்சிக்கும் பல வருஷம் இழுபறி. அரசாங்கக் கலைச்சொற் பட்டியலில் வடசொற்கள் குவிந்தபோது தமிழ்ப் புலவர்கள் எதிர்த்து, 1930களில் சொந்தமாகப் பட்டியல் தயாரித்தார்கள்.

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியம் என்றால், நான் ப்ளஸ் டூ வரை தமிழ் வழி. கணக்குப்பதிவியல் என்றுதான் படித்தேன். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு, தேய்மானம், வாராக்கடன். கல்லூரிக்கு வந்த முதல் வாரம் "பாஸ் த ஜர்னல் என்ட்ரி" என்றார்கள். ஜர்னல் என்றால் பத்திரிகை என்றுதான் எனக்குத் தெரியும். முதல் இன்டர்னலில் எனக்கு வந்த மார்க்கை இங்கே போட மாட்டேன். கணக்கு தெரியும், கணக்கின் பெயர்தான் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இங்கிலீஷ் மீடியம் நண்பன் டக் டக்கென்று எழுதிக்கொண்டே போனான்.

ஆனால் இரண்டாவது மாதம் ஒன்று நடந்தது. டிப்ரிசியேஷன் பாடம். மெஷினை வாங்கிய விலையிலிருந்து வருஷா வருஷம் ஏன் கழிக்கிறோம், காசு கையை விட்டுப் போகவில்லையே, அது எப்படிச் செலவு ஆகும் என்று அந்த நண்பன் குழம்பினான். "தேய்மானம்டா" என்றேன். "செருப்பு தேயுற மாதிரி மெஷின் தேயுது. தேஞ்சது செலவு." அவனுக்குச் சட்டென்று புரிந்தது. வாராக்கடன் என்ற சொல்லையும் கேட்டு ரசித்தான். வராத கடன், அவ்வளவுதானே! விளக்கமே தேவையில்லை, சொல்லே பாடம் நடத்துகிறது. இந்த மாதிரிச் சொற்கள் எல்லாம் அடிகள் செய்தவை என்று நான் சொல்லவில்லை. தேய்மானமும் கடனும் எப்போதும் இருந்த சொற்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் தமிழ் வேரிலிருந்து சொல் போடலாம், போட வேண்டும் என்ற தைரியம் அந்த வாக்குவாதத்திலிருந்து வந்தது. 'தேகம்', 'யாக்கை' என்று தோட்டத்தில் பேசியது என் அக்கவுன்டன்சி வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அதே சமயம் பாடப்புத்தகத்தை மூடிவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனால் கதை வேறு. பாக்கி, வசூல், ரசீது, ஜாமீன் எல்லாம் அரபு, பாரசீக வழி வந்தவை. ஏலம் போர்ச்சுகீசியம். கல்லாவைப் பூட்டுகிற சாவியும் போர்ச்சுகீசியம், கல்லாப்பெட்டி இருக்கிற மேசையும் அதே. எங்கள் பாடத்தின் பாதிச் சொற்கள் ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ், மீதி பல்லாவரத்துத் தமிழ். அடிகள் இந்த முதல் பாதியை அழுக்கு என்று நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல்லாவரத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே மலையடிவாரத்தில் உருது பேசுகிற குடும்பங்கள், தோல் பதனிடும் கொட்டகைகளில் வேலை செய்தவர்கள், கன்டோன்மென்ட்டில் பட்டாளத்துக்குச் சமைத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேசிய தமிழும் தமிழ்தான். அவருடைய தமிழில் அவர்களுக்கு இடம் குறைவு. சைவப் புலவர் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால் தெரிகிற தமிழ் அது. இந்தக் குறையைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை மாதிரி பெரிய அறிஞர்களும் அவர் கட்சியை ஏற்கவில்லை.

இனி இந்தி. எல்லோரும் இதற்காகத்தான் காத்திருப்பீர்கள்.

தென்னிந்தியாவில் இந்தி கற்பிப்பதற்கான சபை 1918இல் காந்தி தொடங்கியது. மெட்ராஸில் முதல் வகுப்புகளை எடுத்தவர் அவர் மகன் தேவதாஸ் காந்தி. பிறகு தி. நகரில் தலைமையகம் வந்தது. விருப்பப்பட்டவர்கள் சேர்ந்து படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள். 1922இல் ஈரோட்டில் இந்தி வகுப்பு நடத்த இடம் கொடுத்தவர் யார் தெரியுமா? பெரியார். நானும் நாலாம் வகுப்பில் குரோம்பேட்டை டியூஷன் அக்கா ஒருவரிடம் பிராத்மிக் எழுதிப் பாஸ் செய்தவன்தான். மத்யமாவில் பெண்பால் ஆண்பால் குழப்பத்தில் விட்டுவிட்டேன். நாற்காலி எப்படிப் பெண் ஆகும் என்பது எனக்கு இன்றைக்கும் புரியாத விஷயம்.

இருபது வருஷம் இப்படி ஓடியது. 1937இல் ராஜாஜி பிரதமர் ஆனார் (அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள்). 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணை வந்தது. சேலத்தில் தமிழ்க் கலைச்சொல் செய்த அதே ராஜாஜி! அவரை வில்லனாக்குவது சுலபம், ஆனால் 1916ஐயும் சேர்த்துப் படித்தால் அது சுலபமாக இல்லை.

பல்லாவரத்துக்காரருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 'இந்தி பொது மொழியா?' என்று நூல் எழுதினார். எதிர்ப்புக் கூட்டங்களுக்குத் தலைமை ஏற்றார். 1938 நவம்பரில் மெட்ராஸில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைக் கொடுத்தது அந்த மாநாடுதான். 'யாக்கை' பற்றிக் கேட்ட சிறுமி இருபத்திரண்டு வருஷத்தில் எங்கே வந்து நிற்கிறார் பாருங்கள். கைதானவர்கள் 1,198 பேர், அதில் 1,179 பேருக்குத் தண்டனை. சிறை சென்ற பெண்கள் 73. அம்மாக்களோடு உள்ளே போன குழந்தைகள் 32. நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தில் உயிர்விட்டார்கள். 1940 பிப்ரவரியில் கவர்னர் எர்ஸ்கின் ஆணையைத் திரும்பப் பெற்றார்.

சபை வகுப்பில் யாரும் கல்லெறியாத அதே மொழிக்கு டைம் டேபிளில் கட்டாயம் என்று எழுதியவுடன் ஆயிரத்துக்கு மேல் சிறைக்குப் போகிறார்கள். மொழி மாறவில்லை. 1911ல் தன் மொழியின் கட்டாயம் நீங்கியதால் வேலை இழந்தவருக்கு, 1938ல் வேறொரு மொழியின் கட்டாயம் எதை எல்லாம் இடித்துத் தள்ளும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. "நாலு பாஷை கத்துக்கிட்டா என்ன" என்று கேட்ட நண்பனுக்கும் இதுதான் பதில். கற்பதைப் பற்றி அடிகளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை, அவரே மூன்று கற்றவர். யார் கட்டாயப்படுத்துகிறார்கள், யாருடைய வேளையை எடுத்து யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் சண்டை. 1965 கதை எல்லோருக்கும் தெரியும், அதை நீட்டவில்லை. ஜனவரி 26 கோடம்பாக்கம் சிவலிங்கம், 27 விருகம்பாக்கம் அரங்கநாதன், இரண்டு பேரும் தீக்குளித்த இடங்கள் இங்கிருந்து அரை மணி நேரப் பயணம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். 1968 ஜனவரியில் அண்ணா ஆட்சியில் இருமொழிக் கொள்கை வந்தது.

ஆனால் இருமொழி என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதா? அந்த இரண்டாவது மொழியிலேயே என் மாதிரி ஆட்கள் தடுக்கி விழுகிறோமே, அதை யாரும் பேசுவதில்லை. எங்கள் வகுப்பில் தமிழ் வழியில் வந்தவர்களில் இரண்டு பேர் முதல் வருஷத்தோடு நின்றுவிட்டார்கள். ஒருவன் ப்ளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் என்னைவிட அதிக மார்க். பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் பாடமாக இருந்தும் ஒரு பாராவைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றான். மூன்றாவது மொழிக்குத் தெருவில் நிற்பவர்கள் (இரண்டு பக்கமும்தான்) அவனுடைய இரண்டாவது மொழிக்காக ஒரு நாள் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்லூரி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்தது 1937இல். தன்னை வெளியேற்றிய கல்லூரி, இருபத்தாறு வருஷம் கழித்து, மூன்று ஸ்டேஷன் தள்ளி அவருக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தது! 1931லிருந்தே பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரயிலில் புத்தகங்களோடு போகிற பையன்களைப் பல்லாவரம் ஸ்டேஷனில் அவர் பார்த்திருப்பாரா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1950 செப்டம்பரில் காலமானார்.

கடைசியாக, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. மறைமலை அடிகளும் 1898லிருந்து நாட்குறிப்பு எழுதியவர். தினப்படி செலவு, யார் வந்தார், என்ன படித்தேன் என்று ஐம்பது வருஷக் குறிப்புகள். கலப்புத் தமிழ் பேசிய துபாஷி தன் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். தனித்தமிழ் கண்ட அடிகள் தன் நாட்குறிப்பைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் என் காஸ்டிங் நோட்டைத் திறந்து பார்த்தேன். சார் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஓரத்தில், மார்ஜினுக்கு இந்தப் பக்கம், பென்சிலில் சின்னதாகத் தமிழ்: 'நிலையான செலவு', 'மாறும் செலவு', 'இதை மறுபடி கேட்கணும்'.